கை நனைத்தவன்

ஜெசிந்தா என்னைக் கடந்து போகும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். வெளியே தெரியாமல்தான் செய்வாள். ஆனால் பதினோரு வருடமாக மீன்களின் செவுள் அசைவதைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவனுக்கு, ஒரு ஆள் மூச்சை நிறுத்துவது தெரியாமல் போகாது.

முதலாளி சதீஷண்ணன் பக்கத்தில் அவள் சாதாரணமாக நிற்பாள். மீன் பெட்டி இறக்க வருகிறவர்கள் வியர்த்து வழிந்தபடி நிற்பார்கள், அவர்களோடும் சிரித்துப் பேசுவாள். என்னிடம் வந்தால் மட்டும் உதடு இறுகும். முகமூடி கண்ணுக்குக் கீழே ஏறும். சேர்ந்த இரண்டாவது வாரமே தன் மேசையை என் மேசைக்குப் பக்கத்திலிருந்து வாசலோரம் நகர்த்திக்கொண்டாள். காற்று வேண்டும் என்று சொன்னாள்.

எங்கள் கடை கொளத்தூரில் இருக்கிறது. அந்தத் தெரு முழுக்க வண்ணமீன் கடைகள்தான். எங்களுடையது செடித்தொட்டிக்குப் பேர்போனது. தொட்டியில் மண் போட்டு, செடி நட்டு, தண்ணீர் நிரப்பி, ஐந்தாறு வாரம் காத்திருந்து, அதன் பிறகுதான் மீன் விடுவோம். அந்தக் காத்திருப்பின் முடிவில் யாராவது ஒருவர் 'விடலாம்' என்று சொல்ல வேண்டும். பதினோரு வருடம் அதைச் சொன்னவன் நான்.

அதற்கு முன் ஒரு சர்வர் கிடங்கில் எட்டு வருடம் இரவு வேலை பார்த்தேன். தலைவலி மாத்திரையும் டப்பா பானமும்தான் அங்கே சாப்பாடு. ஒருநாள் வேலைக்குப் போகவில்லை. அப்படியே விட்டுவிட்டேன். அதைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை. மாத்திரை மட்டும் பழக்கமாக ஒட்டிக்கொண்டது.

மீன் வேலை எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அதில் யாரும் அவசரப்படுத்த முடியாது. ஐந்து மில்லி தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, எட்டுச் சொட்டு மருந்து விட்டு, ஐந்து நிமிடம் நிறுத்திவைத்துப் பார்க்க வேண்டும். மஞ்சளாக இருந்தால் நஞ்சு இல்லை. பச்சையாக மாறினால் இருக்கிறது. பச்சை கறுக்கக் கறுக்க மீனுக்குச் சாவு நிச்சயம். இவ்வளவுதான் என் படிப்பு. இதற்காக வாடிக்கையாளர்கள் என்னை 'சார்' என்று கூப்பிட்டார்கள்.

போன வருடம் சதீஷண்ணன் ஒரு காகிதத்தோடு வந்தார்.

"யுகி, இனிமே செவ்வாலி வேணும்னா மூக்குக்காரங்க கையெழுத்து வேணுமாம். பண்ணையில புது ரூல்."

"என் சொட்டு மருந்துக்கு என்ன கொறச்சல்?"

"உன் மருந்துக்கு ஒண்ணும் கொறச்சல் இல்லடா. எதிர்க் கடைக்காரன் மீட்டர்ல நம்பர மாத்திக் காட்டி மீன் வாங்கிட்டுப் போயிட்டான். நாப்பதும் செத்துப் போச்சு. கருவிய ஏமாத்தலாம், மருந்த ஏமாத்தலாம், மூக்க ஏமாத்த முடியாதுன்றானுங்க."

செவ்வாலி என்பது ஒரு கெண்டை. விரல் நீளம், வெள்ளி உடம்பு, குங்குமச் சிவப்பில் வால். பவானியில் வந்து சேரும் ஓடைகளில் ஒரு காலத்தில் இருந்ததாம். நான் பிறப்பதற்கு முன்பே அழிந்துவிட்டது. யாரோ உறையவைத்துப் பத்திரப்படுத்தியிருந்த உயிரணுவிலிருந்து ஒரு பண்ணை அதை மீட்டெடுத்திருந்தது. வருடத்துக்குச் சில நூறு மீன்கள்தான் வெளியே வரும். எங்கள் கடையில் அதைத் தொட்டியில் விடும் முதல் கை என்னுடையதாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. எனக்கு இருந்த ஒரே ஆசை என்றும் சொல்லலாம்.

அதனால் மூக்குக்கு நானும் விண்ணப்பித்தேன். உள்மூக்கில் புது உயிரணுக்களை வளர்த்துவிடுவார்கள். ஒரு குளத்தில் ஒரு சிட்டிகை எது கரைந்திருந்தாலும் தெரியும். தானியக் கிடங்கு, விமான நிலையம், எரிவாயு நிலையம் என்று எல்லா இடத்திலும் அப்படிப்பட்டவர்களை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். என் ரத்தம், சிறுநீர், எச்சில் எல்லாம் எடுத்தார்கள். பத்தாம் நாள் ஒரு வரி வந்தது: 'தகுதியில்லை. விவரத்துக்கு உங்கள் மருத்துவரை அணுகவும்.' எனக்கென்று மருத்துவர் யாரும் கிடையாது. வயது நாற்பத்தொன்று, அதுதான் காரணம் என்று நானே முடிவு செய்து செய்தியை அழித்துவிட்டேன்.

அடுத்த மாதம் ஜெசிந்தா வந்தாள். காசிமேட்டுப் பெண். வயது இருபத்தாறு.

முதல் நாளே கடையில் வரிசையாக இருந்த பன்னிரண்டு தொட்டிகளின் ஓரமாக நடந்தாள். எதையும் தொடவில்லை. "இது விடலாம். இதுவும் விடலாம். இதுக்கு இன்னும் ரெண்டு வாரம் ஆவும். இதுல ஒரு கிழங்கு அழுவுது ண்ணா, அந்தப் பின் மூலைல."

நான் மண்ணைக் கிளறினேன். கிழங்கு கூழாகிக் கையில் வந்தது.

சதீஷண்ணன் கைதட்டினார். "பாத்தியாடா! இந்தா, இனிமே கடைக்கு இவ மூக்கு, நீ மூஞ்சி."

மூன்று வாரம் அவளுக்குத் தெரியாமல் அவள் சொன்ன ஒவ்வொன்றையும் என் சொட்டு மருந்தால் சரிபார்த்தேன். ஒருமுறைகூட அவள் தவறவில்லை. ஒரே ஒருமுறை தவறியிருந்தால்கூட அவளை எனக்குப் பிடித்துப்போயிருக்கும்.

*

ஒரு மத்தியானம் டீ குடிக்கும்போது கேட்டேன். "ஆளுங்க கிட்டயும் வாசனை வருமா?"

"வரும். எல்லாம் வரும்." அவள் டீயை ஆறவைத்து, பச்சைத் தண்ணீர் மாதிரி ஆன பிறகுதான் குடிப்பாள். "காலைல யாரு சண்ட போட்டாங்க, யாருக்கு சுகர், யாரு பயந்துகினு கீறாங்க. பஸ்ல ஏறினா ஊரே மூஞ்சிமேல விழுந்தாப்ல இருக்கும்."

"அப்ப டாக்டருக்கே வேலை இல்லியே."

"சொல்லக் கூடாது ண்ணா. சட்டம் இருக்குல்ல? மனுசங்க உடம்பப் பத்தி ஒரு வார்த்த வாயத் தொறந்தா லைசென்ஸ் போயிடும். மின்ன இன்சூரன்ஸ்காரன் மூக்குக்காரங்கள வாசல்லயே நிக்க வெச்சு ஆளுங்கள கழிச்சு அனுப்பிச்சான். அதனால வந்த சட்டம்." டம்ளரைக் கீழே வைத்தாள். "சட்டம் இல்லன்னாலும் சொல்ல மாட்டேன். எங்க மாமாகிட்ட சொன்னேன். ஈரல் நாறுது, போயி பாருன்னு. நாலு மாசத்துல செத்துட்டாரு. என் வாயில வந்து பலிச்சிருச்சுன்னு அத்த கத்துச்சு. என்னை சாவு வூட்டுக்குள்ளயே வுடல."

நான் 'அடப்பாவமே' என்று சொல்லவில்லை. அவ்வளவு பெரிய மூக்கு வாய்த்தவளுக்கு இந்தக் கஷ்டமாவது இருக்கட்டும் என்றுதான் தோன்றியது.

இன்னொரு நாள் என் மேசையில் நான்கு ஏலக்காய்களை வைத்துவிட்டு நின்றாள்.

"எதுக்கு இது? நாறுதா?"

"அய்யோ, இல்ல ண்ணா. சும்மாதான்." போகாமல் நின்றாள். "தண்ணி ஒழுங்கா குடிக்கிறீங்களா? அந்த மாத்திரை தெனமும் போடுறீங்களே..."

"நீ உன் தொட்டியப் பாரு."

ஏலக்காயைக் குப்பையில் போட்டேன். அவள் பார்க்கும்படியே போட்டேன்.

அந்தச் சமயத்தில் எனக்கு உடம்பு அவ்வளவு நன்றாக இல்லை. வாய் எப்போதும் காசைச் சப்பியது போலிருந்தது. செருப்பு வார் காலில் பதிந்த தடம் சாயங்காலம்வரை போகாது. இதெல்லாம் அவள் வந்த எரிச்சலில் வந்தது என்று நினைத்தேன்.

*

பத்மநாபன் ஓய்வுபெற்ற பொறியாளர். முகப்பேரில் புது வீடு கட்டிக் கூடத்தில் ஆறடித் தொட்டி வைக்கச் சொன்னார். ஆறு செவ்வாலிகளுக்குப் பண்ணை அனுமதி கொடுத்திருந்தது. எங்கள் கடைக்கு வந்த முதல் செவ்வாலி அவைதான். அவை பிழைத்தால் வருடாவருடம் கிடைக்கும். செத்தால் கடைக்கு இனிமேல் கிடையாது.

தண்ணீர் நிரப்பிய மூன்றாம் நாளே அவர் ஆரம்பித்துவிட்டார்.

"பளிங்கு மாதிரி இருக்கே தம்பி. இன்னிக்கே விட்டா என்ன?"

"விடலாம் சார். நாலாவது நாள் எடுத்து வெளிய போடணும்."

"ஏன்ப்பா, தண்ணியிலதான் ஒண்ணுமே இல்லியே?"

"ஒண்ணுமே இல்லாததுதான் சார் பிரச்சனை. மீன் தண்ணியிலேயே மூத்திரம் போகும். அது அமோனியா, விஷம். அதைத் தின்ன கண்ணுக்குத் தெரியாத கிருமி வேணும். அது தின்னுட்டு இன்னொரு விஷத்தக் கக்கும். அதைத் தின்ன வேற ஒரு கிருமி வேணும். அது கக்குறத செடி உரமா எடுத்துக்கும். இந்த ரெண்டு கிருமியும் மண்ணுல குடியேற அஞ்சாறு வாரம் ஆகும்."

"மீனே இல்லாம கிருமி எதைத் தின்னும்?"

டப்பாவைக் காட்டினேன். "நவச்சாரம். ஈயம் பூசுறவங்க வெச்சிருப்பாங்களே, அதேதான். மீன் போடுற விஷத்த நாமளே கொஞ்சம் கொஞ்சமா போடுறோம். இன்னிக்குப் போட்டது நாளைக்குக் காணாமப் போச்சுன்னா தொட்டி தயார்."

அவருக்குப் புரிந்தது. ஆனாலும் ஜோசியரிடம் போய், ஆறாம் வாரத்து வெள்ளிக்கிழமை காலை பத்து மணியிலிருந்து பத்து பத்துக்குள் மீன் விட வேண்டும் என்று நேரம் குறித்துக்கொண்டு வந்தார். கொளத்தூரில் இது புதிதல்ல. எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் புது வீட்டுக்குக் குடிபோகிற நேரம் பார்ப்பது போலத்தான் மீனுக்கும் பார்ப்பார்கள்.

கடைக்கும் ஒரு வழக்கம் உண்டு. மீன் விடும்போது, தொட்டியை அமைத்தவன் முழங்கைவரை தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். என் கை தாங்கினால் மீனும் தாங்கும் என்று காட்டுவதற்காக சதீஷண்ணன் ஒரு காலத்தில் ஆரம்பித்த நாடகம். 'கை நனைக்கிறது' என்போம். இப்போது வாடிக்கையாளர்கள் அதை ஒரு சடங்காகவே கேட்டு வாங்குகிறார்கள். கையெழுத்து ஜெசிந்தாவுடையதாகிப் போன பிறகு, எனக்கென்று மிச்சமிருந்தது அந்தக் கை ஒன்றுதான்.

வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு மூன்று பேரும் முகப்பேருக்குப் போனோம். ஜெசிந்தா தொட்டிமேல் குனிந்து மூச்சை இழுத்தாள். நான் அப்போது வெளியே வண்டியில் சாமான் எடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்தபோது கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். என் பங்குக்குக் குழாயில் தண்ணீர் எடுத்துச் சோதித்தேன். எலுமிச்சை மஞ்சள். தொட்டி தயாராகவே இருந்தது. என் தொட்டி.

பத்மநாபன் அவளைப் பார்த்துக் கைகூப்பினார். "தெய்வ மூக்கும்மா உனக்கு. நாளைக்கு நீயே கை வெச்சா நல்லாயிருக்கும்."

"இல்ல சார், தொட்டி வெச்சவன் கைதான் நனையணும். அது எங்க கடை வழக்கம்" என்றார் சதீஷண்ணன். நான் நிமிர்ந்தேன். திரும்பி வரும் வழியில், அவள் இறங்கிய பிறகு, அவரே அதை முடித்துவைத்தார்.

"யுகி, தப்பா எடுத்துக்காத. கஸ்டமருங்க எல்லாம் அந்தப் பொண்ணத்தான் கேக்கறாங்க. அடுத்த மாசத்துலேர்ந்து கை நனைக்கிறதும் ஜெசியே பண்ணட்டும். நீ தொட்டிய செட் பண்ணிக் குடுத்துட்டு வந்துரு. நாளைக்கு உன் கடைசிக் கைன்னு வெச்சுக்க."

"சரிண்ணே" என்றேன்.

*

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குச் செடி கத்தரிக்க வேண்டும் என்று சொல்லி நான் மட்டும் முன்னால் போனேன். வீட்டில் எல்லோரும் கோலத்திலும் தோரணத்திலும் இருந்தார்கள். நவச்சார டப்பாவைத் திறந்து மூன்று கரண்டி போட்டுக் கலக்கினேன். தண்ணீர் பளிங்கு மாதிரியே இருந்தது.

என் கணக்கு எளிமையானது. பகலில் செடிகளுக்காகக் கரியமில வாயு குமிழிவிடும். அது ஓடும்வரை தண்ணீர் லேசான புளிப்பில் இருக்கும், நவச்சாரம் சாதுவாக இருக்கும். சாயங்காலம் வாயு நின்றால் அதுவே நஞ்சாக மாறும். ஆனால் அதுவரை விஷயம் போகாது. பத்து மணிக்கு, மீன் விடும் முன் கடைசியாக ஒருமுறை அவள் குனிவாள். மூன்று அறை தள்ளி ஒரு சிட்டிகை கொட்டினாலே அவளுக்குத் தெரியும். 'வேணாம்' என்பாள். முதல் நாள் 'விடலாம்' என்று கையெழுத்துப் போட்டவள், நல்ல நேரத்தில், சொந்தபந்தம் எல்லாம் கூடி நிற்கும்போது, தன் வார்த்தையைத் தானே திரும்ப எடுத்துக்கொள்வாள். பத்மநாபன் கத்துவார். சதீஷண்ணன் என்னைப் பார்ப்பார். மீனுக்கு ஒன்றும் ஆகாது. தண்ணீரை மாற்றிவிட்டால் தீர்ந்தது.

அதாவது, அவளைக் கவிழ்க்க நான் போட்ட திட்டம் முழுக்க அவள் மூக்கின்மேல் வைத்த நம்பிக்கையில் நின்றது. அவள் மூக்கை என் அளவுக்கு நம்பியவன் வேறு யாரும் கிடையாது.

பத்து மணிக்குக் கூடம் நிறைந்திருந்தது. ஆறு செவ்வாலிகளும் நெகிழிப் பையில், சிவப்பு வால்கள் ஒன்றோடொன்று உரசியபடி இருந்தன. நான் சட்டைக் கையை மடித்துத் தொட்டிக்குள் கையை விட்டேன். முகம் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே. ஜெசிந்தா எனக்கு எதிர்ப்பக்கம் வந்து முகமூடியை இறக்கிக் குனிந்தாள்.

மூச்சை இழுத்தவள் அப்படியே நின்றாள். தண்ணீரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி தண்ணீரைப் பார்த்தாள்.

கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"ண்ணா, கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா?"

"அவன் எப்படிம்மா தள்ளுவான், கை உள்ள இருக்குல்ல" என்றார் சதீஷண்ணன். "மணி பத்து அஞ்சு."

"ஒரு நிமிசம் சார். அவர் கைய எடுத்தாருன்னா..."

"நனைச்ச கைய நடுவுல எடுக்கக் கூடாதும்மா" என்றாள் பத்மநாபனின் மனைவி. "அபசகுனம்."

"ஏம்மா, நேத்து நீதானே கையெழுத்துப் போட்ட?" என்றார் பத்மநாபன். "நேரம் போகுது."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். நான் கையை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அவள் இன்னொரு முறை, இந்த முறை மெதுவாக, மூச்சை இழுத்தாள். என் முகத்தில் ஒரு கணம் கண்ணை வைத்தாள். அந்தப் பார்வையில் இருந்தது என்ன என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

"விடலாம்" என்றாள்.

பை அவிழ்ந்தது. மீன்கள் என் விரல்களுக்கு இடையில் புகுந்து போயின. எத்தனையோ வருடம் நினைத்துக் கிடந்த காட்சி. அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். சாயங்காலம்வரைகூட அவகாசம் இருந்தது. தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், பாதித் தண்ணீரை மாற்றியிருப்பார்கள். நான் பாயசம் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மனதில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: அவள் மூக்கு பொய். மூன்று கரண்டி நவச்சாரம் தெரியவில்லை. என்னைக் கழித்துவிட்டு அவளுக்குக் கொடுத்த மூக்கு, வெறும் பொய்.

ஆறு மணிக்கு விளக்கும் வாயுவும் தானாக நின்றன. ஏழு மணிக்கு பத்மநாபன் கூப்பிட்டார். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன, பசியா என்று கேட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆறும் மல்லாந்து கிடந்தன. வால் மட்டும் சிவப்பாகவே இருந்தது.

*

பண்ணையிலிருந்து வந்தவர்கள் தண்ணீரைச் சோதித்தார்கள். தொட்டி தயாராகவில்லை, மூக்கு தவறவிட்டது என்று எழுதினார்கள். விசாரணையில் அவளிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: அன்று அமோனியா வாசனை வந்ததா, இல்லையா? அவள் பதிலே சொல்லவில்லை என்று சதீஷண்ணன் வந்து சொன்னார். "வாயவே தொறக்கல யுகி. தலையக் குனிஞ்சுகிட்டு உக்காந்திருக்கு. லைசென்ஸ் ரத்து. திங்கக்கெழம மூக்கையும் சுட்டுருவாங்களாம். அதுல வளத்த செல்லு கம்பெனி சொத்தாம்."

கடைக்குச் செவ்வாலி கிடையாது என்றாகிவிட்டது. ஆனால் 'விடலாம்' என்று சொல்லும் வேலை என்னிடம் திரும்பி வந்துவிட்டது.

அடுத்த வாரம் சனிக்கிழமை மத்தியானம் அவள் சாவியைக் கொடுக்க வந்தாள். சதீஷண்ணன் முன்பக்கம் வியாபாரத்தில் இருந்தார். அவள் நேராக என் மேசைக்கு வந்து எதிரில் உட்கார்ந்தாள். முகமூடி போடவில்லை. மூச்சையும் பிடிக்கவில்லை.

"ண்ணா, இப்ப எனக்கு லைசென்ஸ் இல்ல. அதனால சொல்லலாம். கோச்சுக்காதீங்க."

"சொல்லு."

"உங்களுக்கு கிட்னி போயிட்டிருக்கு. ரெண்டும். நான் சேர்ந்தப்பவே இருந்துச்சு. இப்ப அதவிட மூணு பங்கு. உங்க மூச்சுல, வேர்வையில, எல்லாத்துலயும் அமோனியா." சொல்லி முடித்து என்னையே பார்த்தாள். "திங்கக்கெழமைக்கு மின்ன சொல்லிரணும்னுதான் வந்தேன். அப்புறம் எனக்கே தெரியாதுல்ல."

'தகுதியில்லை. உங்கள் மருத்துவரை அணுகவும்.' அந்த ஒரு வரிதான் கண்முன் வந்து நின்றது.

"ஏன் முன்னாடியே சொல்லல?"

"சட்டம். அப்புறம் எங்க மாமா." விரல் நகத்தைச் சுரண்டினாள். "ஏலக்கா குடுத்தா குப்பைல போட்டீங்க. வேற எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல."

"அன்னிக்கு..." மேசையிலிருந்த குழாயைத் தள்ளி வைத்தேன். "அன்னிக்குத் தொட்டிகிட்ட உனக்கு வாசனை வந்துதா?"

"வந்துது ண்ணா. நல்லாவே வந்துது. நீங்க மேல குனிஞ்சிருந்தீங்க, கை வேற உள்ள இருந்துது. உங்க வாசனையும் அதுவும் ஒண்ணுதான். எப்பவும் உங்களக் கழிச்சுட்டுத்தான் தொட்டிய மோப்பேன். பழகிப் போச்சு. அன்னிக்கு ஜாஸ்தியா இருந்துது. உங்களுக்குத்தான் முத்திப்போச்சுன்னு நெனச்சேன். தொட்டிய மறந்துட்டேன்." சாவியை மேசைமேல் வைத்தாள். "என் தப்புதான். தள்ளி நிக்க வெச்சிருக்கணும்."

"விசாரணையில சொல்லியிருக்கலாமே."

"எப்பிடி? அந்த ஆளு உடம்பு வாசனைன்னு நெனச்சேன்னு சொன்னா உங்க விசயத்த ஊருக்கே சொன்னா மாதிரி. யாரு உங்களுக்கு வேல குடுப்பாங்க?"

எழுந்தாள்.

"மூக்கு போயிட்டா என்ன பண்ணுவ?"

"புதுசு மட்டும் இல்ல, பழசும் சேத்து போயிடுமாம். மல்லிப்பூவும் வராது, கருவாடும் வராது. எங்கம்மா கேட்டதுக்கு, பஸ்ல நிம்மதியா போவலாம்னு சொன்னேன்." சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. "நாளைக்கு ஞாயித்துக்கெழம. இருந்தாலும் பெரியாஸ்பத்திரில பாப்பாங்க. போங்க ண்ணா. லேட் பண்ணாதீங்க."

அவள் போன பிறகு ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்து, அதில் எச்சிலைத் துப்பினேன். கோடுவரை நிறைய நேரம் பிடித்தது. வாய் அவ்வளவு வறண்டிருந்தது. எட்டுச் சொட்டு விட்டு ஆட்டினேன். ஐந்து நிமிடம் நிறுத்திவைக்க வேண்டும் என்பது விதி. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, குழாய் பச்சையாகத் தொடங்கியது. பிறகு கறுத்தது. நிறம் ஒப்பிட்டுப் பார்க்கும் அட்டையில் இருக்கும் கடைசிப் பச்சையைவிடக் கறுப்பாக.

பொறாமை அத்தோடு செத்துவிட்டது என்று எழுதினால் பொய். அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தபோதும் பொறாமைதான். என் உடம்புக்குள் இருந்ததுகூட எனக்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவளுக்கு என்மேல் இருந்த கருணைதான் அவளைக் கவிழ்த்தது. அப்படி ஒரு காரணத்துக்காக நான் ஒருநாளும் கவிழ மாட்டேன். அதுவும் பொறாமையாகத்தான் இருந்தது.

குழாயை ஒரு கையிலும் டப்பாவை இன்னொரு கையிலும் எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனேன். சதீஷண்ணன் வாடிக்கையாளரை அனுப்பிவிட்டுத் திரும்பினார். குழாயைப் பார்த்ததும் பதறினார்.

"டேய், எந்தத் தொட்டிடா இது? இவ்ளோ பச்சையா? இதுல எவன் மீன் விட்டான்?"

"தொட்டி இல்லண்ணே. என் எச்சில்."

அவருக்குப் புரியவில்லை. குழாயையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஜெசி மூக்கு தப்பே பண்ணல" என்றேன். "பண்ணைக்காரங்க நம்பர் உங்ககிட்ட இருக்கா? திங்கக்கெழமைக்கு முன்னாடி பேசணும்."

"என்னடா சொல்ற? அப்ப மீன் எப்படிச் செத்துது?"

நவச்சார டப்பாவை அவர் மேசைமேல் வைத்தேன்.